கையில் பிடிக்க முடியாத போன்: இரண்டு வருஷ அனுபவம்

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துக்காக ஒரு சின்னக் கணக்கு ஆப் எழுத ஆரம்பித்தேன். சோதித்துப் பார்க்க நாலைந்து போன் வாங்க வசதியில்லை. அதனால், ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு வரும் எமுலேட்டரோடு, அதாவது கம்ப்யூட்டர் திரையிலேயே ஓடும் போலிப் போனோடு, இரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

முதல் தடை பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்கில். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் வசதி) 'டிசேபிள்டு' என்றிருந்தால், பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. பழைய வீடியோக்கள், எமுலேட்டரை வேகமாக ஓட்ட ஹாக்ஸம் என்ற இன்டெல் மென்பொருளைப் போடச் சொல்லும். இன்டெல் அதை 2023-லேயே கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக விண்டோஸிலேயே இருக்கும் 'ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' வசதியை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்ததும் ஓடியது. எமுலேட்டருக்குள் ஓடும் ஆண்ட்ராய்டு, அதாவது சிஸ்டம் இமேஜ், ஒரு ஜிபிக்கு மேல். எங்கள் வீட்டில் ஜன்னலோரம்தான் சிக்னல் என்பதால், ராத்திரி முழுக்க ஜன்னல் கட்டையில் போனை வைத்து ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன்.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம். ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று கூகுள் சொல்வது சும்மா இல்லை. கூடவே குரோமைத் திறந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும். இப்போது ஸ்டுடியோவை மூடிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டிலிருந்து எமுலேட்டரை மட்டும் கிளப்புகிறேன், பரவாயில்லை. ஃபேன் அலறும், கீபோர்டு சுடும். ஜூலை மாதக் குளிரில் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் என் பழைய பேட்டரி தாங்காது, அப்படியே அணைந்துவிடும். மறுபடி திறந்தால் எமுலேட்டரில் கறுப்புத் திரை. 'கோல்டு பூட்' (முதலிலிருந்து புதிதாக ஆன் செய்வது) கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் 'வைப் டேட்டா' வரை போக வேண்டியிருந்தது.

இடம் காட்டும் வசதியில் ஒரு கூத்து. புது எமுலேட்டர் கலிஃபோர்னியாவில், கூகுள் ஆபீஸ் பக்கத்தில் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். கமாண்டில் கோத்தகிரிக்காக 11.42, 76.86 என்று கொடுத்தேன். மேப்பில் நீலக் கடல். ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக்கில் மிதக்கிறேன்! அந்தக் கமாண்டுக்குத் தீர்க்கரேகையை முதலில் தர வேண்டுமாம். நாம் எப்போதும் அட்சரேகையை அல்லவா முதலில் சொல்வோம்.

இதெல்லாம் இருந்தும் நான் இதை விடாததற்கு ஒரே காரணம் உண்டு. ஆப்பைக் கொடுத்த இரண்டாம் வாரம், எடை போடும் அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, காலையில போட்ட 18 கிலோ ரெண்டு தடவை ஏறியிருக்கு பாரு." என் மேசையில் எத்தனை முறை செய்தாலும் ஒரு தடவைதான் ஏறியது. அப்புறம்தான் உறைத்தது. எமுலேட்டரில் வைஃபையை அணைத்து, நெட்வொர்க் வகையை ஜிபிஆர்எஸ் என்ற பழைய, மெதுவான இணைப்பாக ஆக்கினேன். 'சேமி' பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கை தானாகவே இன்னொரு முறை அழுத்தியது. சிறிது நேரம் கழித்துத் திரையில் 18, அதன் கீழே இன்னொரு 18. எடை போடும் அந்தக் கொட்டகையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் தோன்றவில்லை. முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்தேன். அதன்பின் இரட்டைப் பதிவு வரவில்லை.

இதில் வராத ஒன்றும் உண்டு. மழை நாளில் ஈர விரலோடு திரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று மவுஸால் தெரிந்துகொள்ள முடியாது. அதற்காக அண்ணனின் போனையே வாங்கி, கொட்டகையில் இலைக் கூடைகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். நாலு தடவை தொட்டும் பட்டன் அசையவில்லை.

"பெருசா வை தம்பி," என்றார். வைத்தேன்.