நான்கு வருடம், பதினொரு நோட்டு: அம்மாவைக் கவனிக்க எது உதவியது, எது பரணுக்குப் போனது

அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடமாக உடம்பும் தளர்ந்துவிட்டது. வீட்டிலேயே நானும் அக்காவும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இதற்காக வாங்கிய சாமான்களில் எனக்கு முதலிடம் கோடு போட்ட சாதாரண நோட்டுதான். சிரிக்காதீர்கள்.

"எங்கேம்மா வலிக்குது?" என்றால் "எங்கேயும் இல்லையே" என்பார். அடுத்த நிமிடம் கையைத் தட்டிவிடுவார். தன் உடம்பைப் பற்றிச் சொல்ல முடியாதவருக்காக யாராவது குறித்து வைக்கத்தான் வேண்டும்.

ஆரம்பத்தில் பிரஷர், பல்ஸ் என்று மணிக்கொரு தடவை எழுதினோம். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது ஏழே கட்டம்: தூக்கம், சாப்பாடு (முழுசு, பாதி, கால்), தண்ணீர், சிறுநீர், மலம், நடை, புதிதாகக் கொடுத்த மருந்து. திங்கட்கிழமை மட்டும் எடை.

அந்த மருந்துக் கட்டம்தான் இரண்டாம் வருடம் எங்களைக் காப்பாற்றியது. அம்மா திடீரென்று பகலை இரவு என்றார், இல்லாத ஆளோடு பேசினார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "எப்போதிலிருந்து?" நோட்டைப் புரட்டினால் செவ்வாய் மாலை. திங்கள் காலை சளிக்காகப் பழைய வகை அலர்ஜி மாத்திரை ஒன்று கொடுத்திருந்தோம். அன்றிலிருந்து மலமும் போகவில்லை, சிறுநீரும் குறைவு. மறதி நோய் மாதக்கணக்கில் சரியும், இரண்டு நாளில் ஆள் மாறினால் வேறு காரணம் தேடுங்கள் என்றார் டாக்டர். இப்படித் திடீரென்று புத்தி குழம்புவதற்கு டெலிரியம் என்று பெயர். கிருமித்தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், மருந்து, எதுவும் கிளப்பிவிடலாம். அந்த மாத்திரை மூளையில் ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. அம்மா ஞாபகத்துக்காகச் சாப்பிடும் டோனெபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு கையால் குடத்தில் ஊற்றி மறு கையால் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்தில் பழைய அம்மா திரும்பினார்.

குறையையும் சொல்ல வேண்டும். நோட்டு நம் கண்ணுக்குப் பட்டதைத்தான் எழுதும். மூன்றாம் வருடம் தொடர்ந்து மூன்று நாள் 'நல்ல தூக்கம்' என்று அக்கா எழுதியிருந்தாள். நானும் பார்த்துவிட்டு நிம்மதியானேன். அது நிமோனியா. காய்ச்சலே இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. டெலிரியத்தில் கத்துகிற வகை மட்டுமல்ல, அடங்கிக் கிடக்கிற வகையும் உண்டு, அதைத்தான் வீட்டார் தவறவிடுகிறோம். அதற்குப் பிறகு தூக்கக் கட்டத்தில் 'கூப்பிட்டால் கண் திறந்தாரா' என்பதையும் எழுதுகிறோம்.

வலிக்கு நர்ஸ் ஒருவர் பெயினாட் என்ற அளவுகோலைக் கற்றுக்கொடுத்தார். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவது. வாய் கழுவும்போது மட்டும் மார்க் ஏறியதால் உடைந்த கடைவாய்ப்பல்லைக் கண்டுபிடித்தோம். 'சாப்பிட அடம்' என்று அதற்கு முன் எழுதிய பக்கங்களைப் பார்க்க இன்றும் கூசுகிறது.

மற்றவை சுருக்கமாக. பிரஷர் மெஷின் அவசியம், ஆனால் படுக்கையில் ஒன்று, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒன்று எனப் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 குறைந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அதைக் காட்டியதும் டாக்டர் பிரஷர் மாத்திரையைக் குறைத்தார், விழுவதும் குறைந்தது. படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அது இருக்கிறதென்று புரட்டிவிடுவதை விடக்கூடாது. நாங்கள் நம்பி ஏமாந்து, இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்தது. கட்டிலை விட்டு இறங்கினால் அலறும் அலாரம் பரணில் இருக்கிறது. அது அலறி நாங்கள் ஓடுவதற்குள் அம்மா எழுந்து நின்றிருப்பார், சத்தத்தில் மிரண்டும் போவார்.

இந்த வருடம் எடை 48 கிலோவிலிருந்து 44 ஆகிவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று கேட்டோம். முற்றிய நிலையில் குழாய் ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை, புரையேறுவதையும் தடுக்காது, கையால் மெதுவாக ஊட்டுங்கள் என்றார் டாக்டர். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. பாதி என்று எழுத முடிந்தால் அது நல்ல நாள்.

எடை மெஷினில் நிறுத்தினால் இப்போது வலிக்கிறது. அதனால் மாதம் ஒருமுறை கெண்டைக்கால் சுற்றளவை டேப் வைத்து அளக்கிறோம். பன்னிரண்டாவது நோட்டில் 'எடை'யை அடித்துவிட்டு அந்தக் கட்டத்தை அக்காதான் போட்டாள்.