பழைய வீட்டுச் சுவர்ப்பலகைக்கு பாலிஷ் அடிச்ச கதை: ஓடாவியாருக்கு (மரத்தச்சருக்கு) என்ட ரிவியூ

மட்டக்களப்புக் கோட்டைமுனையில எங்கட அம்மப்பாட வீடு இரிக்கு. வெள்ளைக்காரன் காலத்து வீடு, முன் ஹோல்ல சுவர சுத்தி நாலடி உயரத்துக்கு சட்டம் போட்டுப் பலகை அடிச்சிரிக்கு. 1978 சூறாவளியில ஓடு பறந்து ரெண்டு நாளா உள்ளுக்க மழை கொட்டினயாம், பலகை அசையல்ல எண்டு அம்மா இப்பவும் பெருமையாச் சொல்லுவா. ஆனா கறுப்பெண்டா அப்பிடி ஒரு கறுப்பு, பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டாத்தான் ஆள் முகம் தெரியும், பிள்ளையள் அந்த ஹோல்ல இரிக்கவே மாட்டுதுகள்.

போன வருசம் ஒரு பெயின்ட் ஆளப் பிடிச்சம். பேர் வேணாம். "வெள்ளை அடிச்சா ஹோல் பெருசாத் தெரியும் சேர்" எண்டார், எங்களுக்கும் சரியெண்டுதான் பட்டுது. ஈரச்சீலையால துடைச்சிப்போட்டு நேரா எமல்ஷன் பெயின்ட்ட ரோலரால இழுத்தாங்க. ஒரு கிழமை நல்ல வடிவு. மறுகா பலகையில கணு இரிக்கிற இடமெல்லாம் பிளேன்டீ ஊத்தின மாதிரி மஞ்சளா ஊறிக்கு வந்திச்சி, மேல இன்னொரு கோட் அடிச்சாங்க அதுக்குள்ளாலயும் வந்திச்சி, நகத்தால சுரண்டிப் பாத்தா பாலாடை மாதிரி உரிஞ்சி கையோட வருது. 45,000 ரூபா போச்சி. திரும்பக் கோல் எடுத்தா போன் வேலை செய்யல்ல.

பக்கத்து வீட்டு அன்ரிதான் இந்த ஓடாவியாரச் சொன்னா. பறங்கி ஆள் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்த சனம்), எழுவது வயசு தாண்டும். மட்டக்களப்பில பறங்கி ஆக்கள்ற தச்சுவேலை பற்றி நான் சொல்லத் தேவையில்ல, தலைமுறை தலைமுறையா செஞ்சி வாற ஆக்கள். சைக்கிள்ல வந்தார், சுவரத் தடவிப் பாத்தார், "ஆரு மகன் இதுக்கு வெள்ளை அடிக்கச் சொன்ன?" எண்டு கேட்டார், எனக்கு வெக்கமாப் போச்சி.

அது கார்த்திகை மாசம். இப்ப செய்ய மாட்டன் எண்டுட்டார். மாரிக்காத்து ஈரத்தோட ஸ்பிரிட் பாலிஷ் (அரக்க ஸ்பிரிட்ல கரைச்சது) அடிச்சா காயக்குள்ள ஈரத்த இழுத்துப் பால் மாதிரி வெளுத்துப்போகுமாம். எனக்கு தைப்பொங்கலுக்கு வீடு ரெடியாகோணும் எண்டு அவசரம், எவ்வளவோ கெஞ்சிப் பாத்தன், ஆள் மசியல்ல. மாசி பிறந்து வெயில் பிடிச்ச பிறகுதான் வந்தார்.

முதல் நாள் செஞ்ச வேலைதான் எனக்குப் பிடிச்ச. கதவுக்குப் பின்னால ஆருக்கும் தெரியாத மூலையில, வெள்ளை படாத இடமாப் பாத்து, பஞ்சில ஸ்பிரிட் தொட்டு வெச்சி கொஞ்சநேரம் அப்பிடியே பிடிச்சார். எடுத்தா பஞ்சு பிசுபிசுத்து தேன்பாகு நிறத்தில வந்திச்சி. ஸ்பிரிட்டுக்குக் கரைஞ்சா அது அரக்குப் பாலிஷ், தின்னருக்குக் கரைஞ்சா லேக்கர், ரெண்டுக்கும் அசையாட்டி எண்ணெ வார்னிஷ் இல்லாட்டி பொலியூரதேன், ஒவ்வொண்டையும் கழட்டுற விதம் வேற எண்டு சொல்லிக்கிட்டே இன்னும் கொஞ்சம் துடைச்சார். அடியில பலகை தங்க நிறத்தில மினுங்கிச்சி. முதிரை மரம்! கறுப்பெல்லாம் மரமில்ல, அரிக்கன் லாம்புப் புகையும் வருசா வருசம் மேலமேல பூசின பாலிஷும்தான். அம்மா வந்து பாத்திட்டு ஒண்டும் பேசல்ல, விரலால அந்த இடத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு நிண்டா.

கழட்டுறதுக்கு மிஷின் இல்ல. ஸ்பிரிட் பூசி ஊறவிட்டு ஸ்கிரேப்பராலயும், வளைவுக்க உடைஞ்ச கண்ணாடித் துண்டாலயும் சுரண்டினார். மறுகா 120, 180, 240 எண்டு வரவர நைசான சான்ட்பேப்பர், எல்லாம் மரத்துட ரேகை ஓடுற பக்கத்துக்குத்தான், குறுக்க இழுத்தா கீறல் பாலிஷுக்க எழும்பித் தெரியுமாம். ஒண்டு கவனம், முதிரைத் தூள் தோலுக்கு ஆகாது. நான் உதவி செய்யப்போறன் எண்டு அரைக்கை சேட்டோட நிண்டு ரெண்டு நாள் கையெல்லாம் கடி, அவர்ற கையாள் பொடியன் முழுக்கை போட்டு மூக்கும் கட்டியிருந்தான், அப்பவே விளங்கியிருக்கோணும். ஜன்னல் நிலையில இருந்த பழைய பெயின்ட்ட மட்டும் காயச் சுரண்ட விடல்ல, அந்தக்காலத்துப் பெயின்ட்ல ஈயம் இரிக்கும் எண்டு தண்ணி போட்டுத்தான் தேய்ச்சார், பிள்ளையள அந்தப் பக்கமே வர விடல்ல.

பிறகு சீலைக்குள்ள பஞ்சு வெச்சி உருண்டை கட்டி, அரக்கு கரைச்ச பாலிஷ்ல தொட்டு எட்டுப் போடுற மாதிரி சுத்திச் சுத்தி ஒன்பது கை. மெல்லிசு மெல்லிசா. கடைசியா மெழுகு.

ஜன்னல் பக்கத்துச் சுவரில மட்டும் வெள்ளைப் பெயின்ட் மரத்துட ரேகைக்குள்ள இறங்கிட்டு, அத எடுக்கப்போனா பலகை மெலிஞ்சிரும் எண்டு விட்டுட்டார். அந்த ஒரு சுவர மட்டும் நல்லாத் தேய்ச்சி, அரக்கில செஞ்ச பிரைமர் (அடிப்பூச்சு) ரெண்டு கோட், அதுக்கு மேல வெள்ளை. ஆறு மாசமாச்சி, ஒரு மஞ்சள் பொட்டுக் கூட இல்ல. ஆகவே வெள்ளைதான் வேணும் எண்டிருக்கிற ஆக்கள் பிரைமர்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க, மஞ்சள மறிக்கிற அதுதான். மூண்டு சுவர் பொன்னிறம், ஒண்டு வெள்ளை, எனக்கு முதல்ல மனசுக்குச் சரியில்ல, மனிசிக்கு அதுதான் பிடிச்சிரிக்கு, வெளிச்சம் அதில பட்டு ஹோல் முழுக்க வருதாம். உண்மையும்தான்.

குறை இல்லாம இல்ல. பன்னிரண்டு நாள் எண்டவர் பத்தொன்பது நாள் எடுத்தார். ஞாயிறு பூசை, நடுவில செத்தவீடு ஒண்டு. பில் எண்டு ஒரு துண்டும் இல்ல, கணக்கெல்லாம் சான்ட்பேப்பர்ட பின்பக்கத்திலதான். அவருக்கு நாளுக்கு 5,000, பொடியனுக்கு 3,000, சாமானோட 1,80,000க்கு மேல போயிட்டு. ஸ்பிரிட் மணம் ஒரு கிழமை வீட்ட விட்டுப் போகல்ல (நுளம்பும் வரல்லத்தான்).

பெரிய குறை, கறையான் தின்ன மூண்டு பலகைக்கு முதிரை கிடைக்கல்ல எண்டு பலா போட்டார். மத்ததெல்லாம் தேன் நிறம், இது மூண்டும் மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி நிக்குது. கேட்டா, "பலா வெளிச்சம் பட்டு வருசத்தில கறுக்கும் மகன், சாயம் அடிச்சிக் கெடுக்காத" எண்டார். நாலரை ஸ்டார், அரை ஸ்டார் அந்தப் பலாவுக்காகப் பிடிச்சி வெச்சிரிக்கன். போன கிழமை வந்த பெரியம்மா நேரா அந்த மூண்டுக்கும் முன்னால போய் நிண்டு "இது மட்டும் ஏன்டா பாதியில விட்ட?" எண்டு கேட்டா.