சார்த்தரா, பூபரா?

மனித உறவு என்றால் என்ன என்பதில் யார் சொல்வது சரி? பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-ல் எழுதிய ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் ஒருவன் பொறாமையில் சாவித்துவாரம் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறான், பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் கூனிக் குறுகி, இன்னொருவர் பார்வையில் வெறும் பொருளாகிவிடுகிறான். அதனால் அவருக்கு உறவு என்றாலே யார் யாரைப் பொருளாக்குவது என்ற இழுபறிதான், காதல் உட்பட. யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் 1923-லேயே வேறு மாதிரி சொன்னார்: தனியாக ஒரு ‘நான்’ கிடையாது, எதிரில் இருப்பவரை ‘நீ’ என்று முழுதாகச் சந்திக்கும்போது ஒரு நான், ‘அது’ என்று பயன்படுத்தும்போது இன்னொரு நான். சரி, எந்நேரமும் ‘நீ’யிலேயே வாழ முடியுமா? முடியாது, ‘அது’ இல்லாமல் பிழைப்பு ஓடாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வெட்கத்தை விளக்குவதில் சார்த்தரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நட்பு என்று வந்தால் அவர் கணக்கு உதைக்கிறது, அங்கே என் ஓட்டு பூபருக்குத்தான்.