845 ரூபாய் சுங்குடியும் இரண்டு பைசாவும்: எண் வடிவமைப்பில் எந்த நிரல் நூலகம் எங்கே உதைக்கும்?

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் 845 ரூபாய் சுங்குடிப் புடவைக்கு பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி, மாநில வரி என்று பாதிப்பாதியாகப் பிரித்தால் தலா 21.125 ரூபாய். இரண்டு தசம இடம் போதும் என்றால் பைத்தான் நிரல்மொழியின் ஃபார்மேட் 21.12 என்று அச்சிடும். ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்ட் 21.13 என்று அச்சிடும். கவுன்டரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் பிரவுசர், பின்னால் கணக்கு முடிக்கப் பைத்தான் என்றால், புடவைக்கு இரண்டு பைசா இடிக்கும்.

பழியை மிதவைப்புள்ளி (பின்ன எண்களைப் பைனரியில், பல சமயம் தோராயமாக, வைக்கும் முறை) மேல் போட முடியாது. 21.125 பைனரியில் பிசிறில்லாமல் அடங்கும் எண். சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் இரட்டைப்படை இலக்கத்துக்குத் தள்ளுகிறது, டூஃபிக்ஸ்ட் மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஜாவாவில் சண்டை வீட்டுக்குள்ளேயே: டெசிமல்ஃபார்மேட் 21.12, ஸ்ட்ரிங் ஃபார்மேட் 21.13. பிஎச்பியிலும் அதே கதை. பழைய நம்பர்_ஃபார்மேட் 21.13, ஐசியு (பல மொழிகளின் எண், தேதி வழக்குகளைத் தரும் பொது நூலகம்) மேல் ஓடும் நம்பர்ஃபார்மேட்டர் 21.12. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் இருக்கும் இன்ட்ல் (Intl) நம்பர்ஃபார்மேட்டும் அதே ஐசியுதான், ஆனால் விடை 21.13. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை முழுமையாக்கும் (ரவுண்டிங்) விதியை மாற்றி வைத்திருப்பதே காரணம்.

ஆகவே முழுமையாக்கும் வேலையை அச்சிடும் நூலகத்திடம் விடவே கூடாது. பைசாவை முழு எண்ணாக வைத்து (விலை 84500 பைசா, வரி ஆயிரத்துக்கு 25, பாதியை மேலே தள்ள 500), 84500 × 25 + 500 என்று கூட்டி 1000-ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் எந்த மொழியிலும் 2113 பைசாதான். திரும்பி வந்த சரக்குக்கு மட்டும் கவனம்: மைனஸ் எண்ணை இதே சூத்திரத்தில் போட்டால் பைத்தானில் −2112 வரும், விற்றதும் திரும்பியதும் நேராகாது. நேர்மமாகக் கணக்கிட்டுக் குறியைப் பிறகு ஒட்டுங்கள்.

அடுத்தது காற்புள்ளி. 12,34,567 என்று நம் வழக்கப்படி வேண்டும் என்றால் ஐசியு குடும்பமே நம்பகமானது. ஜாவாவின் சொந்த டெசிமல்ஃபார்மேட்டுக்கு ஒரே ஒரு குழு அளவுதான் தெரியும். '#,##,##0' என்று கொடுத்தால் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டு 1,234,567 என்று நீட்டும். ஐசியுவின் ஜாவா பதிப்பான ஐசியு4ஜே சேர்ப்பதுதான் வழி. பைத்தானின் காற்புள்ளிக் குறியும் எப்போதும் மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். லொகேல் (மொழி, நாட்டு வழக்கு அமைப்பு) பார்க்கும் 'என்' (n) வடிவம், ஜிலிப்சி என்ற சி மொழி நூலகம் உள்ள லினக்ஸில் தமிழ் லொகேலை நிறுவி, நிரலிலும் தேர்ந்தெடுத்திருந்தால் சரியாக வரும். மஸ்ல் என்ற வேறு சி நூலகத்தின் மேல் ஓடும் ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் காற்புள்ளியே இல்லாமல் 1234567. நோட் 13-க்கு முந்தைய இயல்பான நிறுவலில் ஆங்கிலத் தரவு மட்டுமே இருந்தது. தமிழ் கேட்டாலும் பிழை காட்டாமல் ஆங்கில முறைக்குப் போய்விடும். சிங்கப்பூர்த் தமிழ் லொகேலைக் கேட்டால் மூன்று மூன்றாக வருவது பிழையல்ல, அங்கத்திய வழக்கு அது.

தமிழ் இலக்கங்கள் வேண்டுமானால் 'டாம்ல்டெக்' (tamldec) எண்முறையைக் கேட்டால் ௧௨,௩௪,௫௬௭ கிடைக்கும். திரும்பப் படிக்கும்போதுதான் வம்பு: '௧௨' என்பதைப் பைத்தானின் இன்ட்டும் ஜாவாவின் பார்ஸ்இன்ட்டும் 12 என்று புரிந்துகொள்ளும், ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் 'எண் அல்ல' என்று கைவிரிக்கும். காற்புள்ளி போட்ட '12,34,567' இன்னும் மோசம். பைத்தானின் ஃப்ளோட் பிழை எறிந்து நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட் சத்தமில்லாமல் 12 என்று தரும். அழகுபடுத்திய எண்ணைத் தரவுதளத்தில் சேமித்தால் பன்னிரண்டு லட்சம் பன்னிரண்டு ரூபாயாகிவிடும்.