ஜாஸ், என்விடிஏ, வாய்ஸ்ஓவர்: எதை வைத்துச் சோதிப்பது?

"எங்கள் தளம் ஸ்கிரீன் ரீடரில் நன்றாக வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த ஸ்கிரீன் ரீடர், எந்த பிரவுசர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்பது பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், தலைப்பில் உள்ள மூன்றும் அவைதான். ஆனால் அது பக்கத்தை நேரே படிப்பதில்லை. இது பட்டன், இது தலைப்பு, இது மூடிக் கிடக்கும் மெனு என்று பிரவுசர் பிரித்து இயங்குதளத்திடம் கொடுக்கிறது, அதை எடுத்துத்தான் ஸ்கிரீன் ரீடர் பேசுகிறது. நடுவில் யார் சொதப்பினாலும் அவதி கேட்பவருக்குத்தான்.

விண்டோஸில் போட்டி இரண்டு பேருக்குள்தான். ஜாஸ் 1989-இல், டாஸ் காலத்தில் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்காமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும். என்விடிஏ 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இலவசம், திறமூலம். இணைய அணுகல்தன்மைக்காக வேலை செய்யும் வெப்எய்ம் அமைப்பு 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் எடுத்த கருத்துக்கணிப்பில், முதன்மையாகப் பயன்படுத்துவது ஜாஸ் என்றவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். கிட்டத்தட்ட சமம்.

ஆனால் குணம் வேறு. ஒரு படிவத்தில் "கைபேசி எண்" என்று பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் எழுத்தாகப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியின் பெயர் இதுதான் என்று கோடில் லேபிளாக இணைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஜாஸ் சுற்றுமுற்றும் பார்த்து, "இதுதான் பெயராக இருக்கும்" என்று ஊகித்துச் சொல்லிவிடும். என்விடிஏவில் டேப் அழுத்தி அந்தப் பெட்டிக்குப் போனால் எழுதும் பெட்டி என்று மட்டும் சொல்லும், பெயர் வராது. தினமும் அரைகுறைப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஜாஸின் ஊகம் பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தளத்தைக் கட்டுகிறவர் ஜாஸில் மட்டும் சோதித்தால், தப்பு இருப்பதே காதில் விழாது. அடுத்தடுத்து நாலு பெட்டி இருந்தால் ஊகம் தவறவும் செய்யும். அதனால் என் ஓட்டு, சோதனைக்கு முதலில் என்விடிஏ. (காசில்லை என்பது கூடுதல் லாபம்.)

எல்லாவற்றிலும் ஜாஸ்தான் தாராளம் காட்டும் என்றும் இல்லை, சில சமயம் அது விதியை மற்றவர்களைவிட அப்படியே பின்பற்றும். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி-யின் ஏரியா விதிகளில் (பக்கத்தின் பகுதிகளை ஸ்கிரீன் ரீடருக்கு விளக்கும் குறிப்புகள்), இந்தப் பட்டன் எந்தப் பகுதியைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லும் "கன்ட்ரோல்ஸ்" பண்பு இருக்கிறது. நீண்ட காலம் அதை எடுத்துச் சொன்னது ஜாஸ்தான், மற்றவை கண்டுகொள்ளவில்லை. விதியில் இருக்கிறது என்பதற்காக அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

விண்டோஸ் பிரவுசர்களில் குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் இப்போது பெரிய இடைவெளி இல்லை. பெரிய பக்கங்களில் ஃபயர்பாக்ஸ் திணறிக்கொண்டிருந்தது. 2023-இல் வந்த 113-ஆம் பதிப்பில் ஸ்கிரீன் ரீடருக்குத் தகவல் கொடுக்கும் உள்பகுதியையே மாற்றி எழுதியபின் அது வெகுவாகக் குறைந்தது. பக்கத்தின் மேல் திறக்கும் பெட்டிக்கான "டயலாக்" டேக்கை குரோம் 2014-இலேயே ஏற்றுக்கொண்டது, ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும் 2022 வரை இழுத்தடித்தன. இன்று மூன்றிலும் உண்டு.

மேக் தனி உலகம். அங்கே ஆப்பிளே தரும் வாய்ஸ்ஓவர், அதற்கு இயல்பான ஜோடி சஃபாரி. பட்டியலின் புள்ளிகளை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் மறைத்தால் "இது பட்டியல்" என்பதையே சஃபாரி சொல்லாமல் விட்டுவிடும். பிழையில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பட்டியல் என்ற ரோலை (இது என்ன வகை என்று சொல்லும் குறிப்பை) நாமே எழுதினால் சரியாகிவிடும், ஆனால் எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே சொன்னதை இன்னொரு முறை சொல்ல வைப்பது எரிச்சல்தான். ஐபோனில் குரோம் போட்டாலும் (ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்கு) உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் இன்ஜின்தான் என்பதால் இரண்டிலும் தனித்தனியாகச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த நேரத்தை ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்குக்குக் கொடுங்கள். கருத்துக்கணிப்பில் கைபேசியில் வாய்ஸ்ஓவர்தான் முன்னால் நிற்கிறது, ஆனால் பதில் சொன்னவர்களில் வட அமெரிக்கர்களே அதிகம். நம்மூரில் ஆண்ட்ராய்டுதான் அதிகம்.

அப்புறம், தமிழ்த் தளம் என்றால் மொழிக் குறிப்பைப் பாருங்கள். ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்தாண்டு, மேலே பக்கத்தின் மொழியைச் சொல்லும் "லேங்" பண்பில் ஆங்கிலம் என்றே விட்டிருந்தால் பல குரல்கள் தமிழை விழுங்கும் அல்லது கண்டபடி உச்சரிக்கும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் பேசும், கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான், ஆனால் இது தமிழ் என்று பக்கம் சொன்னால்தான் தானாக அதற்கு மாறும். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை விதிகளில் இது அடிப்படை ஏ நிலையிலேயே வருகிறது, திருத்த ஒரு வரி போதும்.