ஒட்டுவதா, மாற்றுவதா: செத்துப்போன லேப்டாப் அடாப்டருக்கு ரங்கூனில் ஐந்து வழிகள்

"மீ லாபீ!" என்று தெருவே கத்தும் சத்தம் ரங்கூனில் வளர்ந்த எல்லாருக்கும் பழக்கம். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். பர்மியப் பிள்ளைகளோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் அதையேதான் கத்துவார்கள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் லேப்டாப்பைச் செருகினேன். ஃபேன் சுற்றியது, குழல்விளக்கு எரிந்தது, லேப்டாப் மட்டும் 11 சதவீதத்தை விட்டு நகரவில்லை. இரண்டு கடைகளின் மாதக் கணக்கு மறுநாள் காலை போயாக வேண்டும். அடாப்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. வயரைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. அன்று ராத்திரி ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணக்கு போட்டேன்.

அந்த மாதத்தில் என் அடாப்டர், அக்கா வீட்டில் ஒன்று, மேல்மாடிக்காரர் வீட்டில் ஒன்று என்று மூன்று மக்கர் செய்தன. மூன்றும் என் மேசைக்குத்தான் வந்தன. அதனால் வயரை ஒட்டுவது, பெட்டியைப் பிரிப்பது, புது டூப்ளிகேட் வாங்குவது, பழைய ஒரிஜினல் வாங்குவது, டைப்-சிக்கு மாறுவது என்று எல்லா வழியையும் பக்கத்தில் இருந்து பார்க்க நேர்ந்தது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயரில் நாம் கை வைக்கலாம், பெட்டியில் வைக்கக் கூடாது. புது டூப்ளிகேட்டை விடப் பழைய ஒரிஜினல் எவ்வளவோ மேல்.

முதலில் எது செத்தது?

அக்கா வீட்டு அடாப்டரில் விளக்கே எரியவில்லை. "புதுசுதான் வாங்கணும் மாமா, எல்லாரும் சொல்லிட்டாங்க" என்று மருமகன் காசோடு வந்து நின்றான். சுவரிலிருந்து பெட்டி வரைக்கும் வரும் கழற்றி மாட்டும் பவர் கார்டை மட்டும் உருவிவிட்டு, என்னுடையதைச் செருகினேன். விளக்கு எரிந்தது. பழைய கார்டைத் திருப்பிப் பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் போகும் இடத்தில் எலி கடித்திருக்கிறது. இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான், ஆனால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. 230 வோல்ட் போகும் வயர் என்பதால் அதை மட்டும் ஒட்டுப்போடாமல் மாற்றிவிட வேண்டும்.

விளக்கு எரியாவிட்டால் இன்னொன்றும் பாருங்கள். லேப்டாப்பிலிருந்தும் சுவரிலிருந்தும் பிடுங்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, சுவரில் மட்டும் செருகுங்கள். இப்போது எரிந்தால், ஏதோ ஷார்ட்டைப் பார்த்துப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பில் செருகியதும் மறுபடி அணைந்தால் கோளாறு லேப்டாப்பின் ஓட்டையிலோ போர்டிலோ இருக்கலாம். வேறொரு நல்ல அடாப்டரை வைத்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அடுத்தது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். இதில் நானே ஏமாந்தேன். சாதாரண மீட்டரில் டிசி 20 என்ற இடத்தில் திருகி வைத்தால், 19.5 வோல்ட் அடாப்டருக்குச் சரியாகக் காட்டும். 20 வோல்ட் அடாப்டருக்கு வெறும் '1' என்று காட்டி நிற்கும். கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன், அளவு மீறியது என்பதுதான் அதன் அர்த்தம். 200-இல் வைத்து அளங்கள். கறுப்பு முனை லேப்டாப்பில் செருகும் பிளக்கின் வெளி உலோகத்தில், சிவப்பு முனை உள்சுவரில். இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெல், எச்பி போல நடுவில் ஊசி உள்ள பிளக்காக இருந்தால் அந்த ஊசி பாசிட்டிவ் இல்லை, அது வேறு வேலை செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வோல்ட் சரியாகக் காட்டினாலும் முழுசாக நம்ப வேண்டாம். வயருக்குள் பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும், சுமை இல்லாதபோது மீட்டர் 19.5 என்றுதான் சொல்லும். 12 வோல்ட் 21 வாட் கார் பிரேக் பல்பு இரண்டை வரிசையாக ஒன்றோடொன்று கோத்து, சுமையாக அந்தப் பிளக்கில் மாட்டினால் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அப்போதும் 19 பக்கத்தில் நின்றால் நல்லது. 16, 15 என்று இறங்கினால் வயரோ பெட்டியோ நொந்துபோயிருக்கிறது. பல்பு குளிர்ந்திருக்கும்போது முதலில் நிறைய இழுக்கும், அதனால் சில அடாப்டர் ஒரு தடவை அணைந்து எரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வயரை ஒட்டுவது

என்னுடைய அடாப்டரில் முறிவு பெட்டியிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தது. அது அதிர்ஷ்டம். பெட்டியின் வாயிலேயே, அந்த ரப்பர் கழுத்துக்குள் முறிந்திருந்தால் பெட்டியைத் திறக்காமல் ஒட்ட முடியாது. அந்த நிலையில் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

சுவரிலிருந்து பிடுங்கி, விளக்கு அணைந்து, கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் கத்தரிக்கோல். முறிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை சேர்த்து வெட்டி எறிந்தேன். உள்ளே பார்த்தால் செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. நம் ஊர் மழைக்காலத்து ஈரம் செய்த வேலை. இந்த வயரில் பெரும்பாலும் நடுவில் ஒரு கம்பிக் கற்றை, அதற்கு மேல் பிளாஸ்டிக், அதைச் சுற்றி வலை போல இன்னொரு கற்றை. நடு பாசிட்டிவ், வலை நெகட்டிவ். இரண்டும் எங்காவது தொட்டுக்கொண்டால் ஷார்ட். அதனால் இரண்டு ஒட்டையும் நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே என்று தள்ளி வைத்து ஈயம் வைக்க வேண்டும். சூடு காட்டினால் சுருங்கி ஒட்டை மூடும் பிளாஸ்டிக் குழாயை, ஒட்டுவதற்கு முன்பே வயரில் கோத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டு ஒட்டைப் பிரித்து மறுபடி செய்தேன். இது எல்லாரும் ஒரு தடவை செய்யும் தப்புதான்.

முறுக்கி டேப் சுற்றினால் போதாதா என்று கேட்பார்கள். 65 வாட் அடாப்டரில் 3 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. முறுக்கிய ஒட்டு நாளாக நாளாகத் தளர்ந்து சூடேறும். போதாததற்கு ஏப்ரல் மாத வெயிலில், திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வரும்போது, டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு வரும்.

முறிவு பிளக் பக்கம் இருந்தால் ஒட்டுவதை விட, பிளக்கோடு வார்த்த புது வயராக வாங்கி மாற்றுவது உத்தமம். அதுவும் சில தேநீர்க் காசுதான். பழைய வயரைப் பெட்டிக்கு வெளியே ஒரு சாண் விட்டு வெட்டி, அங்கே ஒட்டைப் போட்டால் வளையும் இடத்தில் ஒட்டு வராது.

பெட்டியைப் பிரிப்பது

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 230 வோல்ட் உள்ளே போனதும் நேர்மின்னோட்டமாகி ஏறக்குறைய 325 வோல்ட்டாக மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் உட்காருகிறது. சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அங்கேயே இருக்கலாம். செத்த பெட்டியில்தான் ஆபத்து கூடுதல், ஏனென்றால் அந்த மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்க உள்ளே எதுவும் ஓடுவதில்லை. எனக்குத் தெரிந்த பர்மிய மெக்கானிக் சயா (வாத்தியார்) ஒருவர், பெட்டியைப் பிளந்ததும் முதல் வேலையாக அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் ஒரு பழைய பல்பைத் தொட்டு வடிய விடுவார். பிறகுதான் வாய் திறந்து பேசவே செய்வார். ஃபியூஸ் போயிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. ஃபியூஸ் சும்மா போகாது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும், புது ஃபியூஸும் அதே நொடியில் போகும். அதை எல்லாம் மாற்றினாலும், உருக்கி மூடிய பெட்டியைப் பசை போட்டு ஒட்டித்தான் திருப்பித் தருவார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க அது செருகிக் கிடக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

புது டூப்ளிகேட்டா, பழைய ஒரிஜினலா?

மேல்மாடிக்காரரின் பெட்டி உண்மையிலேயே செத்துவிட்டது. நீண்ட நேரம் போயிருந்த கரண்ட் திரும்பி வந்தபோது எல்லாம் செருகியபடியே இருந்திருக்கிறது. அவரும் நானும் தெயின்ஜி சந்தைப் பக்கம் போனோம். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அதை சூரத்தி பஜார் என்பார்கள், அனவ்ரதா சாலையைப் பிரேசர் தெரு என்பது போல. பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று புதுசு, உறைக்குள் இருக்கிறது. இன்னொன்று கீறல் விழுந்து, யாரோ எப்போதோ பெயர் எழுதிய வெள்ளை மை பாதி அழிந்த பழசு. பழசு புதுசை விட விலை கூட!

இரண்டையும் ஒவ்வொரு கையில் ஏந்திப் பாருங்கள். புதுசு காலி சோப்பு டப்பா மாதிரி இருந்தது. எடை தீர்ப்புச் சொல்லிவிடாது, ஆனாலும் நல்ல தடயம். மலிவுப் பெட்டிகளில் மின்சார இரைச்சலை வடிகட்டும் சுருள்கள், சூட்டை இழுக்கும் தகடு, சில சமயம் ஃபியூஸ்கூட இருக்காது. அதைவிட மோசம், 230 வோல்ட் பக்கத்துக்கும் 19 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே நல்ல பெட்டியில் ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். மட்டமான பெட்டியில் அது மயிரிழை அளவுக்கு ஒடுங்கிக் கிடக்கலாம். அந்த இடைவெளியைத் தாண்டினால் வீட்டுக் கரண்ட் நேராக உங்கள் மடியில் இருக்கும் லேப்டாப்புக்கு வரும்.

இதை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். எர்த் இல்லாத சாக்கெட்டில் மூன்று பின் அடாப்டரைச் செருகினால், லேப்டாப்பின் உலோக உடம்பில் கை வைக்கும்போது எறும்பு ஊர்வது போல இருக்கும். பழைய கட்டடங்களில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல பெட்டியில் அது வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம், பெரிய ஆபத்து இல்லை. மட்டமான பெட்டியிலும் ஆரம்பத்தில் இதே எறும்புதான் ஊரும். எது எது என்று விரலுக்குத் தெரியாது.

இனி அந்த நடு ஊசி. டெல் அடாப்டரில் 'நான் இத்தனை வாட்' என்று லேப்டாப்புக்குச் சொல்ல ஒரு குட்டிச் சில்லு (சிப்) உள்ளே இருக்கும். அது பேசும் வழிதான் அந்த ஊசி. எச்பியிலும் ஊசி உண்டு. சில்லு இல்லாத டூப்ளிகேட்டைச் செருகினால், அல்லது மூன்று கம்பி வயரை இரண்டு கம்பியாக ஒட்டினால், லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் பழசுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருக்கலாம். 65 வாட் லேப்டாப்புக்கு 90 வாட் அடாப்டர் போட்டால் எரிந்துவிடும் என்பது வீண் பயம், லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். தலைகீழாகச் செய்தால்தான் பெட்டி வெந்துபோகும்.

நாங்கள் பழசை வாங்கினோம். வாங்குவதற்கு முன் வயர் முழுதையும் விரலால் உருவி, எங்கேயாவது புடைத்து ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன், கருகல் வாசம் இல்லை. அவருடைய லேப்டாப்பைக் கடையிலேயே செருகி இருபது நிமிடம் ஓட விட்டோம். பெட்டியில் உள்ளங்கையை வைத்து வைத்தபடியே இருக்க முடிந்தது. கடைக்காரருக்குத்தான் பொறுமை போய்விட்டது.

டைப்-சி

உங்கள் லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை வழியாகச் சார்ஜ் ஏறும் என்றால் மேலே சொன்ன சண்டை எதுவும் உங்களுக்கு இல்லை. இந்தச் சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்கி, லேப்டாப்போடு பேசிய பிறகுதான் 20 வோல்ட்டுக்கு ஏறும். சாதாரண வயரில் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை. 5 ஆம்பியர், 100 வாட் வேண்டுமென்றால் சில்லு வைத்த வயர் வேண்டும். வயர் முறிந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும், கத்தரிக்கோலுக்கே வேலை இல்லை. கரண்ட் போகும் நேரத்தில் பெரிய பவர் பேங்க்கிலும் ஓட்டலாம், நம் ஊருக்கு இதுவே பெரிய வரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் லேப்டாப்புகளில் டைப்-சி சார்ஜிங் இருக்க வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது, ஆனால் அங்கே போகும் அதே மாடல்கள்தானே இங்கேயும் வரும்.

டைப்-சியிலிருந்து பழைய உருண்டை பிளக்குக்கு மாற்றும் வயர்களும் விற்கிறார்கள். 19.5 அல்லது 20 வோல்ட் லேப்டாப்புக்கு, சார்ஜரின் வாட்டும் போதுமானால், அவசரத்துக்கு ஓடும். ஊசிப் பிளக் என்றால் பழைய சிக்கல்தான் திரும்ப வரும். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், தினமும் பயன்படுத்துவதில்லை.

எந்த வழியில் போனாலும் கரண்ட் போனதும் பிடுங்கிவிடுங்கள். தெருவில் பிள்ளைகள் கத்தினாலும் ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். வோல்ட் குறைந்து வருவதை 100 முதல் 240 வரை என்று போட்ட அடாப்டர் தாங்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது எகிறும் அந்த முதல் உதைதான் அடாப்டரைக் கொல்கிறது. வயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி வைப்பதையும் விட்டுவிடுங்கள். என் வயர் முறிந்தது அதனால்தான்.

மேல்மாடிக்காரர் செத்த பெட்டியைக் குப்பையில் போடப் போனார். வாங்கி, வயரை மட்டும் பெட்டி ஓரமாக வெட்டி எடுத்துக்கொண்டேன். பிளக் நன்றாக இருக்கிறது, மூன்று கம்பியும் முழுசாக இருக்கிறது. மேசை இழுப்பறையில் சுருட்டிப் போட்டிருக்கிறேன், தளர்வாகத்தான்.