பொருளாதார வகுப்பில் இணையவழிச் சோதனைகள்: சில வருட அனுபவம்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் எடுக்கிறேன். கொரோனா காலத்தில் பாடம் கைப்பேசிக்குள் போனபோது இணையவழிப் பொருளாதாரச் சோதனைகளை, அதாவது மாணவர்களே வாங்குபவர், விற்பவர் போல முடிவெடுத்துப் பார்க்கும் விளையாட்டுகளை, பயன்படுத்தத் தொடங்கினேன். வகுப்பறை திறந்த பிறகும் விடவில்லை. எந்தத் தளம் நல்லது என்றுதான் புதிய ஆசிரியர்கள் முதலில் கேட்கிறார்கள். மாணவர் முதல் தடவை உள்ளே நுழையும் அந்தப் பத்து நிமிடம் சரியாக அமைந்தால் எந்தத் தளத்திலும் பாடம் நடக்கும் என்பதுதான் என் அனுபவம்.

விஷயம் புதிதல்ல. ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் மாணவர்களையே வாங்குபவர், விற்பவர் எனப் பிரித்துச் சந்தை நடத்திப் பார்த்து, அதை 1948-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவரிடம் படித்த வெர்னன் ஸ்மித், 1956-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் விதிகளை மாற்றினார். எல்லோரும் கேட்கும்படி விலை சொல்ல வேண்டும், அதே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். விலை சமநிலையை, அதாவது வாங்க நினைக்கும் அளவும் விற்க நினைக்கும் அளவும் ஒன்றாகும் விலையை, நோக்கி நகர்ந்தது. 2002-இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்தச் சோதனை வழிமுறைக்காகத்தான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நான் கைப்பேசியை எடுக்கச் சொல்வேன்.

நான் அதிகம் பயன்படுத்துவது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹோல்ட் உருவாக்கிய வீகான்லேப் என்ற தளம். இலவசம், உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். ஆசிரியர் பதிவு செய்து ஒரு அமர்வை உருவாக்கினால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் நுழைந்துவிடலாம். தோற்றம் பழசு, திரை முழுக்க ஆங்கிலம். ஆனாலும் சாதாரணக் கைப்பேசியிலும் ஓடுகிறது என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் அந்த ஆங்கிலத் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். கணக்கு அவர்களுக்குக் கஷ்டமே இல்லை, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதில்தான் தயக்கம். அதனால் முந்தின நாளே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுத்துவிடுவேன். நீங்கள் யார், உங்களுக்கு இந்தப் பொருள் எவ்வளவு மதிப்பு, லாபம் எப்படிக் கணக்கிடப்படும், எந்தப் பெட்டியில் எண்ணைப் போட வேண்டும். அவ்வளவு போதும். விடை எப்படி வரும் என்று அதில் ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது, இருந்தால் சோதனையே கெட்டுவிடும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பொத்தான்களின் பெயரையே அது மாற்றிவிடுகிறது. பெயர்ப் பெட்டியில் சொந்தப் பெயர் வேண்டாம், ஒரு புனைபெயர் போதும். விளையாட்டில் யார் என்ன முடிவெடுத்தார் என்று பின்னால் யாரும் விரல் நீட்டக் கூடாது. குலசேகரம் பக்கத்து மலையோர ஊர்களில் சிக்னல் சரியாக வராது, அதனால் இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்காமல் வகுப்பிலேயே முடித்துவிடுகிறேன். கைப்பேசி இல்லாதவரை இன்னொருவரோடு ஜோடி சேர்த்துவிடலாம். சேர்ந்து பேசி முடிவெடுப்பது இன்னும் நன்றாகவே இருக்கிறது.

தொடக்கத்துக்கு எண் ஊகிக்கும் விளையாட்டை வையுங்கள். 0 முதல் 100 வரை ஒரு எண், எல்லோருடைய சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே இருப்பவர் ஜெயிப்பார். எல்லோரும் மற்றவரைவிட ஒரு படி கீழே யோசித்துக்கொண்டே போவார்கள் என்பதால் கோட்பாடு சொல்லும் விடை 0. முதல் சுற்றில் அப்படி வராது, சுற்றுகள் போகப்போக எண் இறங்கும். ஒரே ஒரு எண்ணைத்தான் தட்ட வேண்டும் என்பதால் பயமும் போய்விடும்.

அப்புறம்தான் இரட்டை ஏலம். இங்கேதான் குமரி மாவட்டப் பிள்ளைகளிடம் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே நேரத்தில் விலை கேட்பது தோவாளைப் பூச்சந்தையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சி. ஓண நேரத்தில் கேரளத் தேவை கூடிப் பூ விலை ஏறுவதை அவர்களே சொல்லி, தேவைக்கோடு வலப்பக்கம் நகர்வதைப் பலகையில் வரைந்தும் காட்டுவார்கள். குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி, "மிஸ், இதுல ஏலம் விடுறவரு இல்லியே, விலையை யாரு முடிவு பண்ணுவா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை வைத்தே அன்றைய வகுப்பு முழுக்க ஓடியது.

எல்லோருக்கும் பொதுவான வளத்தில் ஆளுக்கு எவ்வளவு எடுப்பது என்ற பொதுவளச் சோதனைக்கு மீன்பிடியை எடுத்துக்கொள்வேன். மீன்வளம் தேயாமல் இருக்கத்தான் மீன்பிடித் தடைக்காலமே இருக்கிறது. நம் மாவட்டத்தில் சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முதலில் பேச்சே இல்லாமல் சில சுற்றுகள் விளையாட வைப்பேன். எல்லோரும் அள்ளுவார்கள், வளம் தேயும். பிறகு ஐந்து நிமிடம் பேச விடுவேன். பெரும்பாலும் நிலைமை மாறும். ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டாலே ஒத்துழைப்பு கூடும் என்பதை எலினார் ஆஸ்ட்ரமும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மற்ற தளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் பாசாவ் பல்கலைக்கழகத்தில் உருவான கிளாஸ்எக்ஸ், விரிவுரைக்கு நடுவே சின்னச் சோதனை வைக்க நல்லது. ஓட்ரீ, பைத்தானில் எழுதப்பட்ட திறந்த மென்பொருள். வழிமுறை முழுவதையும் தமிழிலேயே எழுதிவிடலாம் என்பது இதன் பெரிய பலம். கொஞ்சம் நிரல் தெரிந்தவர் துணை வேண்டும். கணினித் துறையில் ஒருவரிடம் கேட்டால் உதவி கிடைக்கும். மாணவர் தலைக்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் அந்தப் பணத்தை நான் கேட்க மாட்டேன்.

கூடவே என்பிடெல், ஸ்வயம் என்ற அரசு ஆதரவு இணையப் பாடத் தளங்களின் பாடங்களில் மாணவர்களைச் சேரச் சொல்கிறேன். சேர்வது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். என்பிடெல்லில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரியும். கடைசி நாளுக்கு முன்பே அந்த வாரப் பயிற்சியை அனுப்பும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே உண்டாக்கிவிட வேண்டும்.

அகமதிப்பீட்டில் சோதனையில் சம்பாதித்த லாபத்துக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. சோதனையில் விற்பவருக்குப் பொருளின் செலவு இவ்வளவு என்று ஒதுக்கப்படும்; அதிர்ஷ்டத்தில் குறைந்த செலவு கிடைத்தவருக்கு அது சாதகமாகிவிடும். சோதனைத் தரவை எடுத்துக்கொண்டு, சமநிலை விலை எவ்வளவு, நாம் ஏன் அதிலிருந்து விலகினோம் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பக்கம் எழுதினால் மதிப்பெண் உண்டு.